எல் சான்ஃப்லே: ஓர் எடுபிடியின் கால்பந்து

அன்புள்ள ஐயா,

கால்பந்துப் படங்களைப் பற்றி எழுதும்போது 'எல் சான்ஃப்லே' என்ற மெக்சிகோ நகைச்சுவைப் படத்தைப் புகழ்ந்திருந்தீர்கள். பிள்ளைகளோடு பார்த்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எனக்கு ஏமாற்றம். கால்பந்துப் படம் என்கிறீர்கள், ஆட்டம் எங்கே? ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தன் சொந்த அணிக்கு எடுத்துக்கொண்ட விளம்பரம் போலல்லவா இருக்கிறது? இரண்டாம் பாகமும் உண்டாமே, பார்க்கலாமா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள வாசகிக்கு,

விளம்பரம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். 1979இல் வெளிவந்த இந்தப் படம் மெக்சிகோவின் தொலைக்காட்சி நிறுவனமான டெலிவிசா குழுமத்தின் திரைப்படப் பிரிவான டெலிவிசினேயின் முதல் தயாரிப்பு. படத்தில் வரும் கிளப் அமெரிக்கா அணியும் 1959 முதல் டெலிவிசாவை நடத்திவந்த அஸ்காராகா குடும்பத்தின் கையில்தான். மெக்சிகோவில் அந்த அணிக்கு எத்தனை ரசிகர்களோ அத்தனை எதிரிகள். பணக்கார அணி என்ற பெயர் அதற்கு. அப்படிப்பட்ட அணியை வைத்துக் கதை எழுத வந்த ரோபெர்தோ கோமெஸ் போலான்யோஸ், கோல் போடுகிறவனை நாயகனாக்கவில்லை. பந்துகளையும் தண்ணீரையும் சுமந்து ஓடும் எடுபிடியை நாயகனாக்கி, அந்த வேடத்தைத் தானே ஏற்றார். நட்சத்திர வீரனைப் பிடிக்காதவர்கள் இருப்பார்கள். எடுபிடியை யார் வெறுப்பார்கள்? கெட்டிக்கார விளம்பரம்.

ஆட்டம் எங்கே என்கிறீர்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவனுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் படத்தில் இருக்கிறது. அந்த எடுபிடி சான்ஃப்லேக்குக் கை கால் எதுவும் சொன்னபடி கேட்காது. ஆனால் பொய் சொல்ல மட்டும் வராது. தன் அணிக்கு லாபம் என்றாலும் வராது. ஏமாற்றுவதையும் திறமையாகக் கொண்டாடும் ஒரு விளையாட்டில் இவனைப் போன்றவன் தொல்லைதான். அமெரிக்கா அணியின் சொந்த மைதானமான அஸ்தெகாவில்தான் 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் கோல் போட்டார். சான்ஃப்லே அர்ஜென்டினாவின் எடுபிடியாக இருந்திருந்தால் நடுவரிடம் போய்ச் சொல்லியிருப்பான், மறுநாள் வேலையும் போயிருக்கும்.

எனக்குப் பிடித்தது உருவங்களின் விளையாட்டு. குள்ளமான போலான்யோஸ் அண்ணாந்து பார்க்க, ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் ரூபேன் அகிர்ரே பயிற்சியாளராக நிற்கிறார். வசனமே வேண்டாம், பாதிச் சிரிப்பு அங்கேயே வந்துவிடுகிறது. அணியின் பருத்த மருத்துவராக வரும் எட்கர் விவார் நிஜத்திலும் மருத்துவம் படித்தவர். தொலைக்காட்சியில் 'எல் சாவோ' என்ற நகைச்சுவைத் தொடரை நடத்திய அந்தக் குழு மொத்தமாகச் சேர்ந்து நடித்த ஒரே திரைப்படம் இதுதான். அந்தத் தொடரில் நாற்பதைத் தாண்டிய போலான்யோஸ் எட்டு வயதுச் சிறுவனாக வந்தார், ஊரும் நம்பியது. 2014இல் அவர் மறைந்தபோது இறுதித் திருப்பலி நடந்தது அதே அஸ்தெகா மைதானத்தில். ஒரு நகைச்சுவை நடிகருக்கு இது சாதாரண மரியாதை அல்ல.

குறை இல்லாமல் இல்லை. பல காட்சிகள் தொலைக்காட்சித் துணுக்குகளை ஒட்டுப்போட்டதுபோல் இருக்கின்றன. நடுவில் படம் நன்றாகவே தொய்கிறது. பிள்ளை வேண்டி ஏங்கும் சான்ஃப்லே, அவன் மனைவி கதைதான் அப்போதெல்லாம் தூக்கி நிறுத்துகிறது. மனைவியாக வரும் ஃப்ளோரிந்தா மேசா பின்னாளில் போலான்யோஸையே மணந்துகொண்டார்.

இரண்டாம் பாகம் 1982இல் வந்தது. நட்சத்திர வீரனாக முதல் படத்தில் அலட்டிய கார்லோஸ் வியாக்ரான் அதற்குள் குழுவை விட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் அடம்பிடித்தால் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் உட்கார வேண்டியதில்லை.

அன்புடன்.