காவிரி டெல்டாவில் மழைக்கும் சேற்றுக்கும் தாங்குகிற கார் மேட் எது? 7டி மேட் போடலாமா?

கேட்டவர் மன்னார்குடிப் பக்கம். புதிதாக ஒரு ஹேட்ச்பேக் எடுத்திருக்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் மேட் போட வேண்டும், கடையில் எல்லாரும் 7டி (ரெக்சினும் ஃபோமும் வைத்துத் தைத்து, தரை முழுக்க மூடுகிற மேட்) போடச் சொல்கிறார்கள், ரப்பர் போதுமா என்பது அவர் கேள்வி.

7டி வேண்டாம். உங்கள் வண்டி மாடலுக்கென்றே வார்த்த, நாலு பக்கமும் ஓரம் தூக்கிய டிபிஇ (ரப்பர் மாதிரி வளைகிற ஒரு வகை பிளாஸ்டிக்) மேட் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் கனமான ரப்பர் மேட். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏன் என்று சொல்கிறேன். நானும் டெல்டாக்காரன்தான். எங்கள் வீட்டுக் கார் கல்யாணத்துக்கும் போகும், உர மூட்டை ஏற்றவும் போகும். புது வண்டி வந்த முதல் மாதம் ஏறுகிறவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். சம்பா நடவு வந்ததும் அந்த மரியாதை போய்விட்டது. அப்பா வயலில் தண்ணீர் பார்த்துவிட்டு முழங்கால் வரை சேற்றோடு வருவார், வாய்க்காலில் காலை ஒரு முக்கு முக்கிவிட்டு அப்படியே முன் சீட்டில் உட்கார்ந்துவிடுவார். அவரிடம் போய் மேட்டைப் பற்றிப் பேச முடியுமா?

'ஆல் வெதர்' மேட் என்ற சரக்கே பனி கொட்டும் நாடுகளின் தேவையில் வளர்ந்தது. அங்கே குளிர்காலத்தில் சாலைப் பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுவார்கள். பூட்ஸில் ஒட்டிய பனி காருக்குள் கரைந்து உப்புத் தண்ணீராக நிற்கும். அது கார்ப்பெட்டில் இறங்காமல் தேங்கி நிற்கத்தான் அந்த மேட்டில் ஆழமான வரிப்பள்ளமும் உயர்ந்த ஓரமும். நமக்குப் பனி இல்லை. ஆனால் தண்ணீர், மண், கடலோரத்தில் உப்பு மூன்றும் இருக்கின்றன.

இதில் மண்தான் முக்கியம், ஏனென்றால் டெல்டா முழுக்க ஒரே மண் இல்லை. மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி வண்டல் களிமண் ஈரத்தில் பசையாக ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். இந்தச் சுபாவம் ரப்பர் மேட்டில் நமக்கு நல்லதுதான். ஒரு பகல் வெயிலில் மேட்டைக் கிடத்தினால் சேறு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து நிற்கும், கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினால் முக்கால்வாசி உதிர்ந்துவிடும், தண்ணீரே வேண்டாம். அதே சேறு துணி மேட்டில் இழைக்குள் புகுந்து காய்ந்தால் பிரஷ் போட்டாலும் வராது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் மணலும் கலந்த பூமி. அங்கே ஒட்டுவது குறைவு, ஆனால் பொடி பறக்கும், வெளிர் நிற மேட்டில் சிவப்புக் கறை ஏறும். வேதாரண்யம், வேளாங்கண்ணி என்று கடலோரம் அடிக்கடி போகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. கடல் மணலில் இருக்கும் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கார்ப்பெட்டில் அந்த மணல் தங்கினால் வெயிலில் காய்ந்தது மாதிரி தெரியும், ராத்திரி தொட்டுப் பார்த்தால் நசநசவென்று இருக்கும். கீழே இருப்பது இரும்புத் தகடு, உப்பும் ஈரமும் சேர்ந்தால் துருவைத் தனியாக அழைக்க வேண்டியதில்லை.

இனி வகைகள். காரோடு வரும் துணி மேட்டை எடுத்து மடித்து வீட்டில் வையுங்கள். கோடையில் போட்டுக்கொள்ளலாம், வண்டியை விற்கும்போது போட்டுக் கொடுத்தால் உள்ளே புதிதாகத் தெரியும்.

நூடுல்ஸ் மேட் என்று கடைகளில் சொல்லும் சுருள் மேட் பார்க்க அழகு. சேறு கண்ணுக்குத் தெரியாது, சுருளுக்கு அடியில் இறங்கிவிடும். டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அது நல்ல குணம். நமக்கு அதுவேதான் கெட்ட குணம். மேலே சுத்தமாக இருக்கும், தூக்கி உதறினால் அரைப்படி மண் விழும். களிமண் உள்ளே காய்ந்துவிட்டால் பம்புசெட் தண்ணீரின் வேகத்தில் பிடித்தால்தான் போகும், பிறகு காய ஒரு நாள் ஆகும். அறுவடைக் காலத்தில் இன்னும் மோசம். நெல் சுணையும் பதரும் வைக்கோல் துணுக்கும் சுருளுக்குள் மாட்டிக்கொண்டால் வேக்குவமும் இழுக்காது.

7டியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே பாதிப் பேர் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். முதலில், 3டி, 5டி, 7டி, 9டி என்ற எண்களுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, கடைக்காரர்கள் ஏற்றிக்கொண்டே போகிற எண்கள். பொருள் என்னவோ ஒன்றுதான். மேலே லெதர் மாதிரியான ரெக்சின், நடுவில் ஃபோம், அதை வண்டியின் தரைக்குத் தகுந்த மாதிரி வெட்டித் தைத்து, வாசல்படி ஓரம் வரை இழுத்துப் பொருத்திவிடுவார்கள். சிலவற்றில் அதன் மேல் ஒரு நூடுல்ஸ் மேட்டும் உண்டு. போட்ட அன்றைக்கு வண்டி உள்ளே பெரிய விலை வண்டி மாதிரி இருக்கும், அதை மறுக்க மாட்டேன். "அண்ணே, தரையே தெரியாது, ஒரு சொட்டு இறங்காது" என்பார்கள்.

இறங்கும். தையல் ஓட்டைகள் இருக்கின்றன, பெடலுக்கும் சீட் தண்டவாளத்துக்கும் வெட்டிய இடங்கள் இருக்கின்றன. அடைமழையில் குடையை மடக்கி உள்ளே போடும்போது வடிகிற தண்ணீர் மெதுவாக அந்த வழியே கீழே போகும். மேலே ரெக்சின் மூடியிருப்பதால் அது ஆவியாகி வெளியே வர வழி கிடையாது. கார் கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான ஃபெல்ட்டோ ஃபோமோ வைத்திருப்பார்கள், சத்தம் கேட்காமல் இருக்க. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஒயரிங் கட்டுகளும் சில கனெக்டர்களும் சீட்டுக்கு அடியிலும் வாசல்படி ஓரமாகவும்தான் போகின்றன. கார்த்திகையில் ஒரு புளித்த வாடை வரும்போதுதான் கவனிப்போம். ரப்பர் மேட் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை தூக்கி, கையை வைத்து அழுத்திப் பார்த்துவிடலாம். 7டியை எடுக்க வேண்டும் என்றால் சில வண்டிகளில் சீட்டையே கழற்ற வேண்டும். அதனால் யாரும் எடுப்பதில்லை.

என் சித்தப்பா வண்டியில் அப்படி எடுத்தபோது ஓரத்தில் நெல் முளைத்திருந்தது. விதைநெல் மூட்டை ஏற்றியபோது சிந்தியது, ஈரம் கிடைத்ததும் வெள்ளையாக முளை விட்டிருக்கிறது. சிரித்தோம். ஆனால் நெல் கிடக்கிற வண்டிக்கு எலி வரும், எலி வந்தால் நெல்லோடு நிற்காது, ஒயரையும் கடிக்கும். அதற்கு ஆகும் செலவில் எந்த மேட்டும் மலிவுதான்.

தடிமனும் ஒரு பிரச்சினை. மேனுவல் கியர் வண்டியில் கிளட்ச் பெடல் கடைசி வரை இறங்க வேண்டும். அடியில் கனமான ஃபோம் இருந்தால் அந்தக் கடைசி ஓர் அங்குலம் கிடைக்காது. கியர் கறகறவென்று விழும், கிளட்ச் சீக்கிரம் தேயும். பின் சீட்டுக்காரர்களுக்கு முன் சீட்டுக்கு அடியிலிருந்து காற்று வரும் வழி உள்ள வண்டிகளில் அதையும் மூடிவிடுவார்கள்.

பெடல் விஷயத்தில் விளையாடக் கூடாது. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் இஎஸ் 350 நிறுத்த முடியாமல் ஓடி, அதில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். டீலர் தற்காலிகமாகக் கொடுத்திருந்த வண்டி. அதில் கிடந்தது வேறொரு லெக்சஸ் மாடலுக்கான ஆல் வெதர் ரப்பர் மேட், ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது என்பது விசாரணையில் தெரிந்தது. அடுத்த மாதமே டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு, ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடுங்கள் என்று அறிவிப்புக் கொடுத்தது. நல்ல மேட்தான், வண்டிதான் மாறிப்போனது. ஆகவே "எல்லா வண்டிக்கும் சேரும்" என்கிற மேட்டை ஓட்டுநர் பக்கம் போடாதீர்கள். தரையில் இருக்கும் கொக்கியில் மேட்டின் ஓட்டை சரியாக உட்கார வேண்டும். பழைய மேட்டின் மேலேயே புதியதைப் போடுவது நம் ஊரில் சகஜம், அதுவும் கூடாது. போட்டு முடித்ததும் இஞ்சினை நிறுத்திவிட்டு, மேட்டை முன்னால் தள்ளி வைத்து, மூன்று பெடலையும் கையால் அடிவரை அழுத்தி விட்டுப் பாருங்கள். எங்கேயாவது உரசினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிபிஇ, ரப்பர், பிவிசி மூன்றும் கடையில் ஒன்று மாதிரியே தெரியும். மூக்கு சொல்லிவிடும். மட்டமான பிவிசி வாடை அடிக்கும், சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்தினால் தலைவலியே வரும். ரப்பர் கனமானது, நகராது, ஆனால் மறுசுழற்சி ரப்பரில் செய்தது என்றால் கறுப்பு விடும். வெள்ளை வேட்டி கட்டுகிறவர்கள் வாங்குவதற்கு முன் ஈர வெள்ளைத் துணியால் மேட்டை ஒரு தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் இறங்கும்போது கரைக்குப் பக்கத்தில் கறுப்புக் கோடு இருந்தால் மானம் போய்விடும். டிபிஇயில் வாடை குறைவு, மடக்கினால் வெடிக்காது, வெயிலில் சுருளாது, தூக்க லேசாக இருக்கும். விலை கூட. சின்ன வண்டிக்கு முழு செட் ஏறக்குறைய 3,000 முதல் 4,500 ரூபாய் வரை சொல்வார்கள், சாதா ரப்பர் செட் ஆயிரத்தை ஒட்டி. கார் கம்பெனியின் அசல் உதிரியாகவே இந்த மேட் வருகிறதா என்று ஷோரூமில் கேளுங்கள், அளவு அதில்தான் பிசகாது. "7டி ஃப்ரீ" என்று சொன்னால், அதற்குப் பதில் இதைக் கொடுங்கள் என்று கேட்கலாம், நான் பார்த்த வரை கொடுத்துவிடுகிறார்கள்.

ஓரம் தாம்பாளம் மாதிரி ஒரு விரற்கடையாவது தூக்கியிருக்க வேண்டும். பின் சீட்டுக்கு இரண்டு தனித் துண்டுகளாக வாங்காமல், தரையின் நடுவில் புடைத்திருக்கும் இடத்தையும் சேர்த்து மூடுகிற ஒரே துண்டாகக் கேளுங்கள். கோயிலுக்குப் போனால் பின்னால் நாலு பேர் உட்காருவார்கள், நடுவில் இருப்பவர் கால் அந்த இடைவெளியில்தான் இருக்கும். தேங்காய்த் தண்ணீர், விபூதி, எண்ணெய் எல்லாம் கொட்டுவதும் அங்கேதான். நிறம் சாம்பலாக வாங்குங்கள். களிமண் காய்ந்தால் அந்த நிறம்தான், தெரியாது. கறுப்பில் ஒவ்வொரு அடித்தடமும் வெளுப்பாகத் தெரியும். டிக்கிக்கும் ஒரு தட்டு மேட் போட்டுவிடுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கழுவ சோப்புத் தண்ணீரும் தேங்காய் நார் பிரஷ்ஷும் போதும். வாட்டர் வாஷுக்கு விட்டால் மட்டும் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: மேட்டுக்குப் பாலிஷ் போட வேண்டாம். டயருக்குப் போடுகிற அதே வழவழப்பை மேட்டிலும் தடவிப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பார்கள். ஈரக் கால், அதன் மேல் பாலிஷ், பக்கத்தில் பிரேக்.

மழையே இல்லாத மாதத்தில் இடது முன் சீட்டுப் பக்கம் மேட்டுக்கு அடியில் ஈரம் இருந்தால் மேட்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டு உள்பக்கம் வடிகிறது. சர்வீஸில் காற்றடித்துவிடச் சொன்னால் சரியாகிவிடும். அந்த ஈரம் பிசுபிசுவென்று, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட், அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.