பள்ளி கேன்டீனில் சிப்ஸ், கோலா: தடுக்க விதி உண்டா?

பள்ளி கேன்டீனில் சிப்ஸ், கோலா விற்பதைத் தடுக்க விதி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. "அப்படியொன்றும் இல்லை" என்று தலைமையாசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) 2020-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது.

அநேகமாக கேன்டீனை ஒப்பந்தத்துக்கு விட்டிருப்பார்கள், எது ஓடுகிறதோ அதை ஒப்பந்தக்காரர் விற்கிறார்.

கேன்டீனில் கண்ணாடி ஃப்ரிட்ஜ் இருந்தால் போய்ப் பாருங்கள். கதவு முழுக்க கோலா படம் ஒட்டியிருந்தால் அதுவும் விளம்பரம்தானே? போட்டோ எடுத்து, கேன்டீனுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று எழுத்திலேயே கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

ஆனால் ஒன்று, 50 மீட்டருக்கு அப்பால் இருக்கும் பெட்டிக்கடைக்கு இந்த விதி பொருந்தாது. என் பையன் அறுபதாவது மீட்டரில்தான் பத்து ரூபாய் பாக்கெட் வாங்குகிறான்.