பூட்டுப் போட்டுவிடுவேன் என்கிறார் ஓனர்

கேள்வி: வீட்டு வேலை செய்கிறேன். குடிசைப் பகுதியில் ஓர் அறையில் 6 வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. ஓனர் திடீரென்று காலி பண்ணச் சொல்லி கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார். பூட்டுப் போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறார். கோர்ட்டுக்குப் போனால் அலைந்தே ஓய்ந்துவிடுவாய், நம்மால் முடியாது என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். என்ன செய்வது?

பதில்: அக்கம்பக்கத்தார் சொல்வது பாதி உண்மை, சகோதரி. அலைச்சல் உண்டு. ஆனால் உங்களால் முடியாது என்றுதான் ஓனரும் நினைக்கிறார். கரண்ட்டைப் பிடுங்கும் தைரியம் அதில்தான் வந்தது.

ஒப்பந்தம் எழுதாததால் நீங்கள் வாடகைதாரர் இல்லை என்று ஆகிவிடாது. காலி செய்ய வைப்பதற்கு அவர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும். மீறிப் பூட்டினால், ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 6-வது பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே போகலாம். மின்சாரம் அடிப்படை வசதி, அதை ஒருவருக்கு மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2022-ல் சொல்லியிருக்கிறது.

சரி, வக்கீலுக்குப் பணம்? 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. கோர்ட் வளாகத்திலேயே அந்த ஆணைக்குழுவின் ஆபீஸ் இருக்கும். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே ஒரு மனு கொடுங்கள். ஓனரை வரவழைத்துப் பேசுவார்கள். இலவச வக்கீல்கள் எல்லாரும் ஒரே மாதிரி உழைப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கிடைத்தவர் இழுத்தடித்தால், வேறு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

போகும்போது வாடகை அனுப்பிய ஜிபே விவரம், மிரட்டிய வாட்ஸப் வாய்ஸ், பிடுங்கிய வயரின் போட்டோ, இந்த விலாசம் போட்ட சமையல் கேஸ் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மனுவின் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். என்னிடம் வருகிறவர்கள் பிளாஸ்டிக் கவரை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்காருவார்கள். சீல் வைத்த தாள் ஒன்று அந்தக் கவருக்குள் வந்த பிறகு, அதே ஆள் சாய்ந்து உட்கார்ந்து, 'அடுத்த தேதி என்னைக்கு?' என்று கேட்பார்.

அப்புறம் ஒன்று. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தால் அப்பீல் கிடையாது. கையெழுத்துக்கு முன் முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்ன தேதிக்குள் காலி செய்கிறேன் என்று நடுவில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். சம்மதம் இல்லையென்றால் போடாமல் எழுந்து வந்துவிடலாம்.