ஹெட் போர்ட்டிங்குக்கு எந்த மெஷின், எந்த பர்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எஞ்சின் சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி மேஜையில் வைத்தாகிவிட்டது, அதற்குள் காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டைத் தேய்த்துச் சீராக்க (அதுதான் போர்ட்டிங்) என்ன வாங்குவது? சிலர் வாங்கிவிட்டு வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கும் பதில் இருக்கிறது, கூடவே கொஞ்சம் திட்டும் இருக்கிறது.

வீட்டில் நல்ல டிரில் மெஷின் இருக்கிறது. அதிலேயே கார்பைட் பர் மாட்டிச் செய்தால் ஆகாதா அண்ணா?

ஆகாது தம்பி. பர் என்பது சுற்றிக்கொண்டே உலோகத்தைச் சீவும், பல் வெட்டிய சின்ன முனை, அதற்கு வேகம் வேண்டும். சாதாரண டிரில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,800 சுற்று அளவில்தான் ஓடும். அதில் 10 மி.மீ. பர் மாட்டினால் பல்லின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 88 மீட்டர்தான் நகரும். அதே பர்ரை 20,000 சுற்றில் ஓட்டினால் 600 மீட்டரைத் தாண்டிவிடும். மெதுவாகச் சுற்றும் பர் வெட்டுவதில்லை, இடிக்கிறது. போர்ட்டுக்குள் கடகடவென்று குதித்து, சுவரில் மேடு பள்ளம் போட்டு, கடைசியில் தன் பல்லையே உடைத்துக்கொள்ளும். டிரில்லின் பேரிங்கும் நேராக அமுக்குவதைத் தாங்கச் செய்தது, பக்கவாட்டில் அழுத்தினால் கொஞ்ச நாளில் சக் ஆட ஆரம்பித்துவிடும். ஒரே விதிவிலக்கு, உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய ஃபிளாப் வீல். கடைசிப் பூச்சுக்கு அதை டிரில்லில் மாட்டி ஓட்டலாம், தப்பில்லை.

ட்ரெமல் வாங்குவதா, டை கிரைண்டர் வாங்குவதா? ஒரே ஒரு பைக் ஹெட்தான் செய்யப்போகிறேன்.

ஒரே ஒரு ஹெட் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ட்ரெமல் மாதிரி சின்ன மெஷின்கள் 130, 175 வாட்டில் இருக்கும். பர்ரின் தண்டை, அதாவது ஷாங்க்கை, பிடிக்கும் காலெட் 3.2 மி.மீ. அந்த மெல்லிய ஷாங்க்கில் பெரிய பர் மாட்ட முடியாது, கொஞ்சம் அழுத்தினாலே மோட்டார் திணறும். ஆனால் 100 சிசி, 150 சிசி ஹெட் என்றால் பொறுமை இருப்பவருக்கு அது போதும். வால்வு ஏறி இறங்கும் குழாயான கைடைச் சுற்றியுள்ள இடத்துக்கும் சின்னச் சின்னத் திருத்தத்துக்கும் என் பட்டறையில் இன்னும் அதைத்தான் எடுக்கிறேன்.

டை கிரைண்டர் அதைவிடப் பெரிய கைமெஷின், 6 மி.மீ. காலெட், 400 வாட்டுக்கு மேல். கார் ஹெட் செய்வதாக இருந்தால் இதுதான் வேண்டும். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கிறதா? விலை குறைவு என்று 28,000 சுற்றில் மட்டுமே ஓடுவதை வாங்கி வந்துவிட்டு, பர் கையை விட்டு ஓடுகிறது என்று சொல்பவர்கள்தான் அதிகம். அத்தனை வேகம் சின்ன பர்ருக்குத்தான். 12 மி.மீ. பர்ருக்கு 15,000 முதல் 20,000 வரை போதும், நீள ஷாங்க் என்றால் இன்னும் கீழே இறக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை யாருமே கேட்பதில்லை. நகைப் பட்டறையில் கொக்கியில் மோட்டாரைத் தொங்கவிட்டு, காலில் பெடல் மிதித்து, கையில் பேனா மாதிரி ஒன்றைப் பிடித்து வேலை செய்வார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த ஃப்ளெக்சிபிள் ஷாஃப்ட்தான் முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது. மோட்டாரின் கனம் கையில் இல்லை, அதனால் மணிக்கட்டு சோராது. பர் எதையாவது கவ்வினால் காலை எடுத்தால் போதும். கேபிளை மட்டும் ஒடித்து வளைக்காதீர்கள், உள்ளே சூடேறி கிரீஸ் உருகி வழியும்.

வேகத்தைக் குறைக்க ஃபேன் ரெகுலேட்டரை இடையில் போட்டேன். புகை வந்துவிட்டது.

வராமல் எப்படி இருக்கும்? சீலிங் ஃபேன் எடுப்பது எழுபது எண்பது வாட். அதற்காகச் செய்த ரெகுலேட்டரில் 500 வாட் மெஷினைப் பூட்டினால் புகைதான் வரும். கிரைண்டரின் வாட்டுக்கு மேலே தாங்கும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி தனியாகக் கிடைக்கிறது, கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கு அது சரியாக ஓடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வேகம் குறைந்தால் மோட்டாருக்குள் விசிறியின் காற்றும் குறையும், அதனால் சீக்கிரம் சூடாகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டீ குடியுங்கள்.

ஏர் டை கிரைண்டர் விலை பாதிதான். வீட்டில் 2 எச்.பி. கம்ப்ரெஸர் இருக்கிறது, ஓட்டலாமா?

ஓடும், ஆனால் வேலை நடக்காது. பெட்டியில் 4 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 4 கன அடி காற்று) என்று போட்டிருப்பது விட்டுவிட்டு ஓட்டுவதற்கான கணக்கு. விடாமல் அமுக்கினால் அதைப் போல மூன்று நான்கு மடங்கு காற்று குடிக்கும். டாங்க்கில் உள்ளது அரை நிமிடத்தில் இறங்கிவிடும், அப்புறம் கம்ப்ரெஸர் கத்திக்கொண்டே இருக்கும், நீங்கள் காத்துக்கொண்டே இருப்பீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

என்னுடையது பழைய புல்லட் 350, காஸ்ட் அயர்ன் எஞ்சின். காஸ்ட் அயர்னுக்கு டபுள் கட் பர்தானே வாங்க வேண்டும்?

காஸ்ட் அயர்னுக்கு, அதாவது வார்ப்பிரும்புக்கு, குறுக்கும் நெடுக்குமாகப் பல் வெட்டிய டபுள் கட், அது சரி. ஆனால் உங்கள் ஹெட் காஸ்ட் அயர்ன் இல்லை! சிஐ எஞ்சின் என்று நாம் சொல்வது சிலிண்டரை வைத்து, ஹெட் அலுமினியம். கையில் தூக்கிப் பாருங்கள், இல்லையென்றால் காந்தம் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டுவது வால்வு உட்காரும் சீட் மாதிரி தனியாகச் செருகியிருக்கும் இரும்புத் துண்டுகளில்தான்.

அலுமினியத்துக்கு அகலமான பல், ஆழமான பள்ளம், ஒற்றை வெட்டு. கடையில் ‘அலுமினியம் கட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். டபுள் கட்டை அலுமினியத்தில் விட்டால் ஒரு நிமிடத்தில் பல் அடைத்து, பர் வெள்ளிக் குண்டு மாதிரி ஆகிவிடும். உண்மையான காஸ்ட் அயர்ன் ஹெட் வேண்டுமென்றால் அம்பாசடரின் பழைய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினைப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு ஒரே இன்லெட் போர்ட் (காற்று உள்ளே வரும் வழி), நடுவில் ஒரு தடுப்பு. டபுள் கட் பர்ரும் தண்டில் பொருத்திய மவுண்டட் கல்லும் அங்கே அழகாக வேலை செய்யும். அதே கல்லை அலுமினியத்தில் வைத்தால் அடைத்துச் சூடாகும், சூட்டில் தெறிக்கவும் செய்யும். அலுமினியத்தில் கல் வேண்டவே வேண்டாம்.

அலுமினியம் கட் பர்தான் வாங்கினேன், அதுவும் அடைக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள்.

ஏர் டூல் என்றால் ஒரு துணியில் நனைத்துத் தொட்டுக்கொள்ளலாம். கரண்டில் ஓடும் மெஷினில் பிரஷ் பொறி விடும், பக்கத்தில் மண்ணெண்ணெய் ஆவி எதற்கு? மெழுகுவத்தி போதும். சுற்றும் பர்ரை ஒரு நொடி மெழுகில் தொட்டுவிட்டு வெட்டுங்கள், சத்தம் மெல்லியதாகும், செதில் ஊசி ஊசியாகக் கொட்டும். சத்தம் மறுபடி கரகரப்பானால் மறுபடி தொட வேண்டும், காது பழகிவிடும்.

ஏற்கனவே அடைத்துப் போன பர்ரைத் தூக்கிப் போடாதீர்கள். காஸ்டிக் சோடா கரைசலில் போட்டால் அலுமினியம் மட்டும் கரைந்து கார்பைட் அப்படியே நிற்கும். வெட்டவெளியில், கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டு, பிள்ளைகள் பக்கம் வராமல் செய்யுங்கள். அதில் கிளம்பும் வாயு ஹைட்ரஜன், பக்கத்தில் பீடி கூடாது.

பத்து பர் உள்ள செட் வாங்கலாமா?

வேண்டாம். அதில் ஏழு பெட்டியிலேயே கிடக்கும். முட்டை வடிவம் ஒன்று, முனை உருண்ட மர வடிவம் ஒன்று, இரண்டும் நல்ல கார்பைடில் வாங்குங்கள். முனை தட்டையான சிலிண்டர் வடிவம் போர்ட்டுக்குள் போனால் கோடு கிழிக்கும், கூம்பு முனை குழி தோண்டும். மெஷினில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, பர்ரில் பிடிக்காதீர்கள். நல்ல பர் தானாக வெட்டும், மட்டமானதை அமுக்க வேண்டியிருக்கும், அமுக்கும் கை என்றாவது ஒருநாள் வழுக்கும்.

இரண்டில் ஒன்று 150 மி.மீ. நீள ஷாங்க்காக இருந்தால் நல்லது, ஆனால் அதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும். ஆரம்ப காலத்தில், பர் போர்ட்டுக்கு வெளியே இருக்கும்போதே முழு வேகத்தில் ஸ்விட்சைப் போட்டேன். ஒரு நொடியில் ஷாங்க் எல் மாதிரி மடங்கி, பெஞ்சில் இருந்த டீ கிளாஸை உடைத்து, என் கையிலிருந்து மெஷினையே பிடுங்கிக்கொண்டு போனது. விரல் தப்பியது அதிர்ஷ்டம்தான், திறமை ஒன்றுமில்லை. நீள ஷாங்க் காற்றில் தனியாகச் சுற்றினால் வளைந்துவிடும். பர்ரைப் போர்ட்டுக்குள் வைத்து, குறைந்த வேகத்தில் ஆரம்பித்து, அது நின்ற பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும்.

எவ்வளவு பெரிதாக்கலாம்? உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட வேண்டுமா?

பெரிதாக்கவே வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வேன். துளை பெரிதானால் காற்றின் வேகம் விழும், அந்த வண்டி டவுனில் இழுக்காது. முதல் ஹெட்டில் மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். வார்ப்பில் வந்த முடிச்சுகளை எடுப்பது, மேனிஃபோல்டு குழாயும் போர்ட்டும் சேரும் இடத்தில் படிக்கட்டு இல்லாமல் பொருத்துவது, வால்வு சீட்டுக்குக் கீழே மெஷின் வெட்டிய கூரான விளிம்பை மழுக்குவது. சீட்டுக்குக் கீழே உள்ள கழுத்தின் குறுக்களவு வால்வு தலையில் 85 முதல் 90 சதவீதம் இருந்தால் போதும், 36 மி.மீ. வால்வுக்கு 31, 32. போர்ட் வளையும் இடத்தில் உள்பக்க வளைவை, ஷார்ட் சைடு என்போமே, அதைக் கூராக்கியும் விடாதீர்கள், தாழ்த்தியும் விடாதீர்கள். காற்று அங்கேதான் சுவரை விட்டுப் பிரியும், கெடுப்பவர்கள் கெடுப்பதும் அங்கேதான். மாருதி 800 மாதிரி தண்ணீர் ஓடும் ஹெட் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் என்பதை மறக்காதீர்கள், ஓட்டை விழுந்தால் வெல்டிங்தான்.

பாலிஷ் விஷயம். கார்புரேட்டர் வண்டியின் இன்லெட்டில் கண்ணாடிப் பளபளப்பு கூடாது, பெட்ரோல் துளி சுவரில் ஒட்டி ஓடையாக வழியும். 80ஆம் நம்பர் உப்புத்தாள் ரோலோடு நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட்டில் 120க்கு மேலும் போகலாம், கரி கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ரோலைப் பிடிக்கும் தண்டான மாண்ட்ரல் கிடைக்கவில்லையென்றால் 6 மி.மீ. கம்பியின் நுனியில் ஹேக்ஸாவால் ஒரு பிளவு போட்டு, எமரி துணியைச் செருகிச் சுற்றிக்கொள்ளுங்கள், மெதுவான வேகத்தில் அருமையாக ஓடும். எந்த வழியில் துணி சுற்றியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்வழி என்றால் பூ மாதிரி விரிந்து பறந்துவிடும்.

வால்வு சீட்டையும் இதே மெஷினில் சின்னக் கல் மாட்டித் தேய்க்கலாமா?

கூடவே கூடாது. சீட் கைடின் மையத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், அதற்குக் கைடுக்குள் பைலட் என்னும் நேர்க்கம்பியைப் போட்டு அதன்மேல் கட்டரைச் சுற்றுவார்கள். வெறும் கையில் எப்படிப்பட்ட கை ஆனாலும் வராது. போர்ட் வேலை செய்யும்போதே ஒரு பழைய வால்வை உட்காரவைத்துவிட்டு எரியும் அறைப்பக்கம் வேலை பாருங்கள், பர் வழுக்கினால் வால்வுதான் வாங்கிக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் லேப்பிங் பேஸ்ட் (அரைக்கும் பசை) போட்டு வால்வைச் சீட்டில் தேய்த்து, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வால்வு ஓரம் கசிகிறதா என்று பாருங்கள். அந்த நேரம் மெஷின் எதுவும் ஓடக் கூடாது.

ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். ஹெட்டில் எங்கே போர்ட்டிங் செய்வது?

அந்த ஹெட்டில் போர்ட்டே கிடையாதப்பா, ஸ்பார்க் பிளக்தான் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் எல்லாம் சிலிண்டர் சுவரில். 50 மி.மீ. துளைக்குள் நேர் மெஷின் திரும்பாது, 90 டிகிரி வளைந்த கைப்பிடி வேண்டும், அது டை கிரைண்டரைவிட விலை. அதோடு போர்ட்டின் மேல்விளிம்பை ஒரு மி.மீ. உயர்த்தினாலே எஞ்சினின் குணம் மாறிவிடும், ஹெட் மாதிரி மன்னிக்காது. முதலில் ஒரு செத்த சிலிண்டரில் கை பழகுங்கள். போர்ட் விளிம்புகளை லேசாக மழுக்காமல் வண்டியைப் பூட்டினால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும்.

மாஸ்க் எல்லாம் அவசியமா? கையுறை போடலாமா?

மாஸ்க்கும் மூடிய கண்ணாடியும் கட்டாயம். துணிக் கையுறை போடாதீர்கள், நூல் ஒன்று சுற்றினால் விரலும் கூடப் போகும். அலுமினியத் தூளையும் இரும்புத் தூளையும் ஒரே குவியலாகச் சேர்த்து வைத்து, பக்கத்தில் பொறி பறக்கவிடாதீர்கள். வேலை முடிந்த ஹெட்டைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் விட்டு மூன்று முறை கழுவி, ஒவ்வொரு ஆயில் வழியிலும் காற்றடித்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஒரு மினுக்கு தெரிந்தாலும் நாலாவது முறை. வாஷிங் மெஷினில் போடலாமா என்று கேட்டவர் யாரென்று சொல்ல மாட்டேன், வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.