அடுக்களை அஞ்சல்: புளி எப்போது, எலுமிச்சை எப்போது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, “எல்லாப் பொருளும் சரியான அளவில்தான் போட்டேன்” என்று தொடங்குகின்றன. படித்துப் பார்த்தால் அளவில் குறை இல்லை. எதை எப்போது சேர்த்தார்கள் என்பதில்தான் சமையல் கெட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கடிதங்களையே இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அம்மா, வேலைக்காகச் சென்னைக்கு வந்து தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறேன். புளித்தண்ணீரில் காய்களைப் போட்டுச் சாம்பார் கொதிக்க வைக்கிறேன். அரை மணி நேரம் கொதித்தும் உருளைக்கிழங்கும் கேரட்டும் நறுக்கென்று இருக்கின்றன. சில நாள் பருப்பும் கரைவதில்லை. நான் எங்கே தவறுகிறேன்? (சென்னை வாசகர்)

பதில்: தம்பி, கேள்வியிலேயே காரணத்தையும் எழுதிவிட்டீர்கள். புளிப்பு ஏறிய தண்ணீரில் காய் சீக்கிரம் வேகாது. காய்களின் கட்டுக்கோப்பைப் பிடித்து வைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். வெறும் தண்ணீரில் கொதிக்கும்போது அது இளகிக் கரைகிறது. புளிப்பு இருந்தால் இளகாமல் இறுகி நிற்கிறது. அதற்குமேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் எரிவாயுதான் வீணாகும்.

ஆகவே முதலில் காய்களை மஞ்சள் தூளும் கொஞ்சம் உப்பும் சேர்த்த வெறும் தண்ணீரில் வேகவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் உருளைக்கிழங்கு உடைய வேண்டும். அதன் பிறகு புளிக்கரைசலையும் சாம்பார் பொடியையும் சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை ஏழெட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடைசியாகத்தான் கடைந்த பருப்பு. பருப்பு சேர்த்த பின் ஒரு கொதி போதும். அதிகம் கொதித்தால் அடிப்பிடிக்கும், மணமும் குறையும். இரண்டு பேருக்கு அரை கப் துவரம் பருப்பு, நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு தேக்கரண்டி சாம்பார் பொடி என்று தொடங்குங்கள். பிறகு உங்கள் நாக்கு சொல்வதைக் கேளுங்கள்.

பருப்பு கரையாததற்கு வேறு காரணம் இருக்கலாம். உங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீரா? உப்புத் தண்ணீரில் துவரம் பருப்பு எளிதில் மசியாது. குடிதண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள். மளிகைக் கடையில் நெடுநாள் கிடந்த பழைய பருப்பும் இப்படித்தான் அடம்பிடிக்கும். அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள் தூளும் நான்கு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு வேகவையுங்கள். பருப்போடு புளியோ தக்காளியோ சேர்க்க வேண்டாம்.

புளியின் இந்தக் குணம் சில நேரம் நமக்கு உதவவும் செய்யும். வெண்டைக்காயை எண்ணெயில் வதக்கிப் புளியில் போட்டால் குழையாமல் முழுதாக நிற்பதும், வழவழப்பு அடங்குவதும் அதனால்தான்.

கேள்வி: அக்கா, எலுமிச்சைச் சாதம் செய்தால் அடிநாக்கில் கசக்கிறது. பழம் நன்றாகத்தான் இருக்கிறது. சாற்றைத் தாளிப்பில் ஊற்றிக் கொதிக்க வைத்துச் சாதத்தில் கலக்கிறேன். (திருப்பூர் வாசகி)

பதில்: கொதிக்க வைக்கவே கூடாது. தாளித்து, மஞ்சள் தூள் போட்டு, அடுப்பை அணைத்து, சட்டியின் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு சாற்றை விடுங்கள். பழத்தைத் தோல் நசுங்கும்வரை பிழியாதீர்கள். விதை ஒன்றுகூட உள்ளே விழக்கூடாது. ரசத்தில் எலுமிச்சை பிழிவதாக இருந்தாலும் இதே விதிதான்.

கேள்வி: அம்மா, நாங்கள் ஓசூருக்குக் குடிவந்த பிறகு மார்கழி, தை மாதங்களில் இட்லி மாவு பொங்குவதே இல்லை. இட்லி உப்பாமல் வட்டு போலத் தட்டையாக இருக்கிறது. ஆப்ப சோடா போடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற கணக்கில்தான் அரைக்கிறேன். (ஓசூர் வாசகி)

பதில்: சோடா வேண்டாம், தங்கை. சோடா மாவை உப்பவைக்கும்; புளிக்கவைக்காது. இட்லியின் சுவை புளிப்பில் இருக்கிறது. அதைக் கொடுப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிரிகள். 30 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெதுவெதுப்பில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஓசூரின் குளிர்கால இரவில் சோம்பிவிடும். எனவே மாவுக்கு வெதுவெதுப்பும் கூடுதல் நேரமும் கொடுங்கள். கோடையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, குளிரில் பதினான்கு மணி நேரம் கேட்கும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் உளுந்தை எப்படி அரைக்கிறீர்கள் என்பது இல்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம். நுண்ணுயிரிகள் உண்டாக்கும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வது உளுந்தின் கொழகொழப்பு. அது சரியாக அமையாவிட்டால், மாவு புளித்தாலும் காற்று நிற்காமல் போய்விடும். இட்லி வட்டாகத்தான் வரும். தோல் நீக்கிய முழு உளுந்தை ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் ஊறவைத்தால் போதும். ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை அதனுடனேயே போடலாம். கிரைண்டரில் முதலில் உளுந்தைத் தனியாகப் போடுங்கள். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், கையால் தெளித்துத் தெளித்து அரைமணி நேரம் ஆட்டுங்கள். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். நேரம் போகப் போக மாவு வெளுத்து, பந்து போல எழும்பி, கிரைண்டர் கல்லின் மேலேறி வரும். ஒரு கிண்ணத் தண்ணீரில் சிட்டிகை மாவைக் கிள்ளிப் போடுங்கள். மிதந்தால் எடுக்கலாம், அமிழ்ந்தால் இன்னும் ஆட்டுங்கள். அரிசியை இவ்வளவு நைசாக அரைக்காதீர்கள். விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை போல நெருட வேண்டும்.

மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு நாலுக்கு ஒன்று போதாது. மூன்றுக்கு ஒன்று வையுங்கள். மிக்ஸி மாவைச் சூடாக்கும் என்பதால் ஐஸ் தண்ணீர் ஊற்றி, இடையிடையே நிறுத்தி அரையுங்கள்.

அரைத்த பின் இரண்டு மாவையும் கல்லுப்புடன் சேர்த்துக் கையால் நன்றாகக் கலக்குங்கள். குளிர்காலத்தில் அரிசி மாவை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். பாத்திரத்தில் பாதிதான் மாவு இருக்க வேண்டும். மூடிய பாத்திரத்தைப் பெரிய அண்டா ஒன்றுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீரும் வைத்து, அண்டாவை மூடிப் போர்வை சுற்றிவிடுங்கள். படுக்கப் போகும் முன் வெந்நீரை ஒருமுறை மாற்றுங்கள். காலையில் மாவு பொங்கியிருந்தால் அடித்துக் கலக்காதீர்கள். கரண்டியால் மேலாக அள்ளித் தட்டில் ஊற்றுங்கள். அடித்தால் இரவெல்லாம் சேர்ந்த காற்று ஒரு நொடியில் போய்விடும். மிச்சமான மாவைத் தோசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சாதத்துக்குக் குக்கரில் எத்தனை விசில் விட வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறார்கள். (தஞ்சாவூர் வாசகி)

பதில்: விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள் என்பேன். பெரிய தீயில் மூன்று விசில் நான்கு நிமிடத்தில் வந்துவிடும், சின்னத் தீயில் அதே மூன்று விசிலுக்குக் கால் மணி நேரம் ஆகும். அரிசிக்கு எண்ணிக்கை தெரியாது. வெந்த நேரம்தான் தெரியும். குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி அளவில் இருக்கிறது, வெளியே கொதிப்பதைவிட இருபது டிகிரி அதிகம். மூடிக் குழாயில் ஆவி சீராக வந்த பிறகு வெயிட்டைப் போடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, பொன்னிப் புழுங்கலரிசிக்கு ஏழெட்டு நிமிடமும் பச்சரிசிக்கு ஐந்து நிமிடமும் வைத்து அணைத்துவிடுங்கள். ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள், அந்தப் பத்து நிமிடத்திலும் சோறு வெந்துகொண்டுதான் இருக்கிறது. புழுங்கலரிசி ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று தொடங்கி, உங்கள் அரிசிக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும். பருப்பு வகைகளைக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். நுரைத்து எழுந்து ஆவி வழியை அடைக்கக்கூடும்.

கேள்வி: அம்மா, எங்கள் சம்பந்தி திருநெல்வேலிக்காரர்கள். மறுவீட்டு விருந்தில் அவர்கள் பரிமாறிய சொதியின் சுவையை மறக்க முடியவில்லை. வீட்டில் செய்தால் தேங்காய்ப்பால் திரிந்து, எண்ணெய் தனியாக மிதக்கிறது. (ஈரோடு வாசகி)

பதில்: இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. என் அப்பா நெல்லையில் தவசுப்பிள்ளையாக இருந்தவர். கல்யாணச் சமையல்காரரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்தில் சொதி கட்டாயம் உண்டு. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். எத்தனை ஆட்கள் உதவிக்கு இருந்தாலும், முதல் பால் ஊற்றும் நேரத்தில் அப்பா அடுப்பை வேறு யாரிடமும் விடமாட்டார்.

நான்கு பேருக்கு ஒரு பெரிய தேங்காய். துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் ஒரு கப் கெட்டிப் பால் வரும். அது முதல் பால். அதை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுங்கள். கால் கப் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய் மூன்றையும் தேங்காய் எண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய் ஆகியவற்றை மூன்றாம் பாலில் உப்புப் போட்டு வேகவிடுங்கள். காய் முழுவதும் வெந்த பிறகே இரண்டாம் பாலும் பருப்பும். ஒரு கொதி வந்ததும் இரண்டு தேக்கரண்டி இஞ்சிச் சாறு.

இனிமேல்தான் கவனம் வேண்டும். தீயை மிகவும் குறைத்துவிட்டு முதல் பாலை ஊற்றுங்கள். கரண்டியால் ஒரே பக்கமாக மெதுவாகக் கிளறிக்கொண்டே இருங்கள். சட்டியின் ஓரத்தில் சின்னச் சின்ன நுரைக் குமிழ்கள் வட்டமாகக் கட்டத் தொடங்கும். நடுவில் கொப்புளம் எழும்பும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த ஓர நுரையைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துச் சட்டியை இறக்கி வையுங்கள். தேங்காய்ப்பால் என்பது எண்ணெயும் தண்ணீரும் புரதத்தின் பிடியால் ஒன்றாக நிற்பது. கொதித்தால் புரதம் திரண்டு, எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிடும். புளிப்பும் இதே வேலையைச் செய்யும். அதனால் சூடு தணிந்து, விரல் பொறுக்கும் பதத்துக்கு வந்த பிறகு எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, அதற்குமேல் வேண்டாம். நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். மிளகாய்த் தூள் கூடவே கூடாது. திரும்பச் சூடாக்க வேண்டி வந்தால் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குங்கள். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் சொதியை இலையில் விடாதீர்கள். தேங்காய்ப்பாலின் கனத்துக்கு இஞ்சி வேண்டும்.

கேள்வி: இரவு மிஞ்சிய சோற்றை அப்படியே மேடையில் மூடி வைத்து, காலையில் தாளித்துப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கிறேன். நன்றாகச் சூடாக்கிவிட்டால் கெடுதல் இல்லைதானே? (விழுப்புரம் வாசகி)

பதில்: தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும்போதும் சாவதில்லை. அறைச் சூட்டில் சோறு கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு தாளிப்பதாலோ மறுபடி சூடாக்குவதாலோ போவதில்லை. மிஞ்சிய சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாளே தீர்த்துவிடுங்கள். எலுமிச்சைச் சாதமோ தேங்காய்ச் சாதமோ செய்யக் குளிர்ந்த சோறு உதிரியாக நன்றாகவே அமையும்.

கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்ப ஏழரை மணி ஆகிவிடுகிறது. குழம்பு, பொரியல் என்று நிற்கத் தெம்பில்லை. வயிறு நிறையும்படி ஒரே பாத்திரத்தில் ஏதாவது சொல்லுங்கள், அக்கா. (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: உளுந்தஞ்சோறு செய்யுங்கள். ஒரு கப் புழுங்கலரிசி, அரை கப் தோலுள்ள உடைத்த கறுப்பு உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவுங்கள். பத்துப் பூண்டுப் பல், ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி வெந்தயம், அரை கப் தேங்காய்த் துருவல், உப்பு, நான்கரை கப் தண்ணீர். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு, முதல் விசிலுக்குப் பிறகு சின்னத் தீயில் பத்து நிமிடம். தோலைக் களைந்துவிடாதீர்கள், மணமே அதில்தான்.

குக்கர் அடங்குவதற்குள் எள்ளுத் துவையல் அரைத்துவிடலாம். நான்கு மேசைக்கரண்டி எள்ளை வெடிக்கும்வரை வறுத்து உடனே தட்டில் கொட்டுங்கள், சட்டியிலேயே விட்டால் கருகிக் கசக்கும். நான்கு வற்றல் மிளகாயை நல்லெண்ணெயில் வறுத்து, கொஞ்சம் புளி, உப்பு, இரண்டு பூண்டுப் பல், ஒரு பிடி தேங்காயுடன் முதலில் அரையுங்கள். எள்ளைக் கடைசியில் போட்டு இரண்டு சுற்று ஓட்டினால் போதும்; அதிகம் அரைத்தால் எண்ணெய் கக்கிப் பிசுபிசுத்துவிடும். சூட்டோடு சோற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, துவையலைத் தொட்டுச் சாப்பிடுங்கள். மிச்சத் துவையல் மறுநாள் தோசைக்கு ஆகும்.