ஊட்டியில் 'சீசன் ரேட்' என்றால் என்ன, அதைத் தவிர்த்துச் செலவைக் குறைப்பது எப்படி?

ஏப்ரல், மே மாதங்களில் அதே அறைக்கு, அதே வண்டிக்குக் கூடுதலாகக் கேட்கும் விலைதான் சீசன் ரேட். பள்ளி விடுமுறை, சமவெளி வெயில், மே மாத மலர்க் கண்காட்சி எல்லாம் ஒன்றாக வந்து கூட்டம் குவிகிறது, ஆனால் மலையில் அறைகள் அன்றைக்கென்று முளைத்துவிடாது, அதனால் விலை ஏறுகிறது. முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ விலை எகிறுவது போலத்தான், பூ அதேதான், எல்லோருக்கும் ஒரே காலையில் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஆகவே தேதியை மாற்றுங்கள், பெரிய மிச்சம் அதில்தான். ஜனவரி, பிப்ரவரியில் வார நாட்களில் வந்தால் நல்ல குளிர், மழையும் குறைவு, வாடகையில் பேரம் பேசவும் இடமுண்டு. தேதியை மாற்ற முடியாதா, சரி, குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கிப் பாருங்கள், இரண்டிலிருந்தும் ஊட்டிக்கு அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரவும் பேருந்தே போதும், பலர் வாடகைக் காரில்தான் பாதிப் பணத்தை விடுகிறார்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் (இணையத்தில் பதிந்து வாங்கும் நுழைவு அனுமதி) கட்டாயம், அது இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். அப்புறம் ஒரு எவர்சில்வர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை.

சீசன் இல்லாவிட்டால் ஊட்டியில் எப்போதும் மழைதான் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழை பெரும்பாலும் மேற்கே இருக்கும் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம்தான், கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு முக்கிய மழை அக்டோபர், நவம்பரில்தான்.