ராயக்கோட்டை மலை ஏற எந்தப் பை, எப்படி அடுக்குவது?

வெளிநாட்டு வில்வேட்டை வீடியோக்களில் வரும் பையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வில்லைக் கட்டவும் இறைச்சியைச் சுமக்கவும் அதில் தனி ஸ்ட்ராப்புகள் இருக்கும். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே குற்றம், அதற்கு ஏன் காசு? 20 முதல் 25 லிட்டர் பை போதும்.

ஆனால் அந்த வேட்டைக்காரர்களிடம் கற்க ஒன்று உண்டு: இடுப்பு பெல்ட். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்க்காதீர்கள். நாலைந்து கிலோ எடையை உள்ளே வைத்து பெல்ட்டை இறுக்குங்கள். தோள் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் தளர்த்தினால் பாரம் இடுப்பில் உட்கார வேண்டும். தோளிலேயே தொங்கினால் வேறு பை பாருங்கள்.

அப்புறம் தண்ணீர். மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. அதை முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். வெளியே வலைப்பையில் தொங்கவிட்டால், கோட்டைக்கு ஏறும் பாறையில் கால் தூக்கும்போதெல்லாம் பின்னால் இழுக்கும். வெயிலில் சூடாகியும் விடும். புளிசாதப் பொட்டலம் அதன்மேல், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. டார்ச், காயத்துக்கான கட்டுத்துணி பக்கவாட்டு ஜிப்பில்.

காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயப் பக்கம் போவதாக இருந்தால், வனத்துறை அனுமதி இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். அது யானைகள் நடமாடும் காடு.